பழைய கைவினை இலக்குத் துப்பாக்கிச் சேகரிப்பு

இலக்குச் சுடும் போட்டிக்கென்றே ஒரு கம்மியர் தன் கையால் திருத்தி அமைத்துக் கொடுத்த பழைய கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பது, ஆயுதச் சேகரிப்பில் ஒரு சிறிய, தனிப்போக்குடைய கிளை. இதன் களம் பெரும்பாலும் அமெரிக்கா. காலம் 1930கள் முதல் 1980கள் வரை. சுவிட்சர்லாந்தின் ஹாம்மர்லி போன்ற நிறுவனங்களின் ஒலிம்பிக் ரகத் துப்பாக்கிகளுக்கும் ஆர்வலர்கள் உண்டு. ஆனால் அவை தொழிற்சாலைப் பொருள்கள். இங்கே பேசப்படுபவை, கடையில் வாங்கியதையோ ராணுவம் கழித்துவிட்டதையோ எடுத்துப் பட்டறையில் வேறொன்றாக மாற்றியவை.

பொதுவாகத் துப்பாக்கி சேகரிப்பவர்கள், பொருள் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பார்கள். கூடுதலாக ஒரு துளை, மறுபடி ஏற்றிய நீலப்பூச்சு, மாற்றிய கைப்பிடி எதுவானாலும் விலை சரியும். கைவினை இலக்குத் துப்பாக்கியிலோ எல்லாமே மாற்றம்தான். துளையை யார் போட்டார் என்பதே கேள்வி. ஒருவருக்குப் பாழான கோல்ட் துப்பாக்கி, இன்னொருவருக்குப் பெயர்பெற்ற கம்மியரின் கைவேலை. இந்த முரண்பாட்டிலிருந்துதான் இச்சேகரிப்பின் சுவையும் சிக்கலும் பிறக்கின்றன.

போட்டி

அமெரிக்காவில் 'புல்ஸ்ஐ' என்று வழங்கும் போட்டி முறையை அறிந்தால்தான் இத்துப்பாக்கிகளின் வடிவம் புரியும். போட்டியாளர் நின்றபடி ஒற்றைக் கையால் சுட வேண்டும். .22 ஒன்று, தோட்டாவின் அடி நடுவில் தீப்பற்றும் சென்டர்ஃபயர் ரகத்தில் ஒன்று, .45 ஒன்று என மூன்று துப்பாக்கிப் பிரிவுகள். பிரிவுக்கு 90 குண்டுகள், குண்டுக்கு உச்சமாக 10 புள்ளிகள். ஆக 270 குண்டுகளுக்கு 2700 புள்ளிகள். 50 கெஜத் தொலைவில் நிதானமாகச் சுடுவது ஒரு கட்டம். 25 கெஜத்தில் 20 விநாடிக்குள் ஐந்து, 10 விநாடிக்குள் ஐந்து என்று சுடுவது அடுத்த கட்டங்கள். 50 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம்தான். 1974இல் ஹெர்ஷல் ஆண்டர்சன் என்ற ராணுவ வீரர் 2680 புள்ளிகள் எடுத்தது இன்றும் பேசப்படுகிறது.

ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி, 1907இல் முதன்முறையாகத் தேசியப் போட்டிகளை நடத்திய இடம். அங்கே சுடுகளத்தை ஒட்டி வணிகர்களும் கம்மியர்களும் கடை விரிக்கும் தெரு ஒன்றும் உருவானது. இன்றைய சேகரிப்பாளர் தேடும் பெயர்களில் பல, அந்தத் தெருவில் வாய்மொழியாகப் பரவியவை.

சிக்கல் .45 பிரிவில் இருந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் துப்பாக்கி போர்க்களத்துக்கானது. சேறு படிந்தாலும் இயங்க வேண்டும். ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும். அதனால் பாகங்களுக்கிடையே சற்று இடைவெளி விட்டே செய்தார்கள். போரில் அது பலம்; 50 கெஜத்தில் அந்தப் பத்துப் புள்ளி வளையத்துக்குள் பத்துக் குண்டுகளைச் செலுத்த நினைப்பவருக்கு அதுவே பகை. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழல் முன்பிருந்த இடத்துக்கே துல்லியமாகத் திரும்ப வேண்டும். அதைச் சாதிப்பதே கம்மியரின் முதல் வேலை.

பட்டறை வேலை

அடிச்சட்டத்தின் தண்டவாளங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, அவற்றின் மேல் முன்பின் நகரும் ஸ்லைடின் பக்கங்களை வைஸில் வைத்து நெருக்கி, பிறகு தேய்ப்பு மாவு இட்டு இரண்டும் ஆட்டமின்றி வழுக்கும்வரை உரசிப் பொருத்துவார்கள். குழலின் மேற்புறப் பூட்டுப் பற்களில் உலோகம் பற்றவைத்து மீண்டும் அரத்தால் இழைத்து உட்காரவைப்பார்கள். குழல் வாயைப் பிடிக்கும் புஷிங்கைத் தனியாகக் கடைந்து இறுக்கமாக மாட்டுவார்கள். விசையின் இழுப்பு சுத்தமாக, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் இருக்க வேண்டும், ஆனால் விதிப்படி .45க்கு 3.5 பவுண்டுக்குக் குறையக் கூடாது. .22க்கு அந்த வரம்பு 2 பவுண்டு.

பிறகு குறிகள். பழைய ராணுவத் துப்பாக்கியின் முன்குறி மயிரிழை போன்றது. வெயிலில் கண்ணுக்கே தட்டுப்படாது. அதை எடுத்துவிட்டு அகன்ற முன்குறியும், திருகால் பக்கவாட்டிலும் உயரத்திலும் நகர்த்தக்கூடிய பின்குறியும் பொருத்தினார்கள். கலிபோர்னியாவின் மைக்ரோ நிறுவனத்துக் குறிகள், டெக்சாஸின் போ-மார் குறிகள், ஸ்லைடின் முழு நீளத்துக்கும் திருகப்படும் போ-மார் மேற்பட்டை ஆகியவை அக்காலத்தின் அடையாளங்கள். எந்தக் குறி எப்போது சந்தைக்கு வந்தது என்று தெரிந்தவர், துப்பாக்கி திருத்தப்பட்ட காலத்தை ஓரளவு கணித்துவிடுவார். இதற்குப் பழைய விலைப்பட்டியல்கள் உதவுகின்றன. இல்லினாய்ஸ் மாநிலம் நாக்ஸ்வில்லில் இலக்குத் துப்பாக்கிகளுக்கென்றே கடை நடத்திய கில் ஹெபார்டின் பட்டியல்களைச் சேகரிப்பாளர்கள் துப்பாக்கிக்கு இணையாகப் பாதுகாக்கிறார்கள்.

கம்மியர்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் முன்னே நிற்பது சான் பிரான்சிஸ்கோவின் கிங் கன் சைட் நிறுவனம். அவர்கள் முதன்மையாகத் தொட்டது ரிவால்வர்களை. கோல்ட் ஆபீசர்ஸ் மாடலிலும் ஸ்மித் அண்ட் வெஸன் கே-22லும் குழலின் மேல் காற்றுத்துளையிட்ட பட்டை பொருத்தி, முன்குறியின் சிவப்பு மணிமேல் ஒளி விழும்படி அதன் அடியில் ஒரு சிறு கண்ணாடித் தகடு பதித்து, கட்டை விரலுக்கு எட்டும்படி சுத்தியலின் வாலை ஒரு பக்கமாக வளைத்துவிடுவார்கள். கூடவே வால்டர் ரோப்பர் வடிவமைத்து மாத்யூ கேக்னன் செதுக்கிய மரக் கைப்பிடியும் இருந்துவிட்டால், கிங் ரிவால்வர்கள் இன்று பெரும் மதிப்புப் பெறுகின்றன. போருக்குப் பின் ஸ்மித் அண்ட் வெஸன் தன் மாஸ்டர்பீஸ் வரிசையில் பட்டையையும் நகர்த்தும் குறியையும் ஆலையிலேயே தரத் தொடங்கியதும், கிங் செய்துவந்த வேலைக்குத் தேவை குறைந்தது. இந்தக் கதை பின்னும் திரும்பத் திரும்ப நடந்தது: கம்மியர் கண்டுபிடிப்பார், போட்டியாளர் வெல்வார், ஆலை சில ஆண்டு கழித்து நகலெடுக்கும்.

சான் பிரான்சிஸ்கோவிலேயே கடை வைத்திருந்த பாப் சௌ, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் துரிதச் சுடுதலில் கலந்துகொண்டவர். சீன வம்சாவளியினர். சுடவும் தெரிந்து, செய்யவும் தெரிந்தவர் என்பதால் அவருடைய .45களுக்குத் தனி மரியாதை உண்டு. புளோரிடாவின் ஜான் ஜைல்ஸ் ஏறக்குறைய .45 ஒன்றையே தொழிலாகக் கொண்டவர். லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபிராங்க் பாக்மேர் பெயரை இன்று ரப்பர் கைப்பிடியால்தான் பலர் அறிவார்கள். அவருடைய பட்டறையும் துல்லிய .45களைச் செய்தது.

இவர்கள் எல்லோரிலும் கதைக்கு உரியவர் லூசியானாவின் ஜிம் கிளார்க். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். காவல்துறையும் ராணுவமுமே ஆண்டுவந்த தேசியக் கைத்துப்பாக்கிப் பட்டத்தை 1958இல் சாதாரணக் குடிமகனாக, தன் பட்டறைத் துப்பாக்கியுடன் வென்றார். அதைவிடச் சிறந்த விளம்பரம் ஒரு கம்மியருக்குக் கிடைக்காது. ஒரு ஸ்லைடை வெட்டி, இன்னொன்றின் துண்டைப் பற்றவைத்து அவர் செய்த நீள ஸ்லைடுத் துப்பாக்கிகள் பெயர்போனவை. நீளம் கூடினால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், கைநடுக்கத்தின் பிழை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். முன்பாரம் கூடினால் வாய் எகிறுவது குறையும்.

கிளார்க்கின் மற்றொரு சாதனை .38 மாற்றம். சென்டர்ஃபயர் பிரிவுக்கு உதைப்புக் குறைந்த .38 ஸ்பெஷல் குண்டே உகந்தது. அதுவோ விளிம்புள்ள ரிவால்வர் தோட்டா. மேகசினிலிருந்து தானியங்கித் துப்பாக்கிக்குள் ஏறும்போது விளிம்போடு விளிம்பு சிக்கும். கோல்ட் .38 சூப்பர் துப்பாக்கிக்குப் புதுக் குழலும் மேகசினும் செய்து, தட்டை மூக்கு வாட்கட்டர் குண்டு தடையின்றி ஓடும்படி அவர் மாற்றினார். 1961இல் ஸ்மித் அண்ட் வெஸன் அதே குண்டுக்கென்று ஐந்து தோட்டா மேகசினுடன் மாடல் 52ஐக் கொண்டுவந்தது. நன்கு செய்த மாடல் 52 நூற்றுக்கணக்கில் கிடைக்கும்போதும், அதற்கு முந்திய ஒரு கிளார்க் மாற்றத்தைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது நியாயம் என்றே சொல்லலாம்: மாடல் 52 இல்லாமல் கிளார்க் மாற்றம் இருந்திருக்கும், கிளார்க் மாற்றம் இல்லாமல் மாடல் 52 வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஒளிந்த வேலை

ராணுவப் பட்டறைகள் தனி உலகம். 1950களின் நடுவிலிருந்து, 1968இல் மூடப்படும்வரை ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் போட்டித் தரத்துக்குத் திருத்திப் பாகங்களில் 'என்எம்' (நேஷனல் மேட்ச்) என்று முத்திரையிட்டது. 1956இல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் தொடங்கிய ராணுவக் குறிசுடும் பிரிவும், குவாண்டிகோவில் இருந்த கடற்படைக் காலாட்படைப் பட்டறையும் இதே வேலையைச் செய்தன. 'ஹார்ட்பால்' எனப்பட்ட சேவைத் துப்பாக்கிப் போட்டியில் வெளித்தோற்றம் மாறக் கூடாது, 230 கிரெய்ன் ராணுவக் குண்டையே சுட வேண்டும், விசை இழுப்பு 4 பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஆகவே அத்துப்பாக்கியின் திறமெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். மேசைமேல் வைத்தால் சாதாரணப் படைத் துப்பாக்கி. கையில் எடுத்து ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சான்று

பெரும்பாலான கம்மியர்கள் பெயரைச் சிறிதாகவே பொறித்தார்கள், சிலர் பொறிக்கவேயில்லை. கோல்ட் நிறுவன ஆவணக் கடிதம் துப்பாக்கி எந்த ஆண்டு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லும். பிறகு எந்தப் பட்டறைக்குப் போனது என்பதைச் சொல்லாது. ஆகவே இத்துறையில் இரும்பைவிடக் காகிதம் கனம். வேலைக்கான ரசீது, கம்மியரின் கடிதம், இயந்திரத் தாங்கியில் பொருத்திச் சுட்ட சோதனை இலக்கு, வரிசை எண்ணோடு கூடிய மதிப்பெண் புத்தகம், மூடியில் தொலைநோக்கி மாட்டிய மரப்பெட்டி ஆகியவை துப்பாக்கியோடு சேர்ந்து வந்தால் தயங்காமல் வாங்கலாம். விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்கக் கூடாது. என்எம் முத்திரையைப் போலியாக அடிப்பது கடினமான காரியமல்ல. போ-மார் பட்டை இருப்பதாலேயே ஒரு துப்பாக்கி கிளார்க்கினுடையது ஆகிவிடாது.

சில சமயம் உள்ளிருக்கும் அடிப்பொருளே அரியதாக இருக்கும். 1960களின் தொடக்கத்தில் ராணுவ உபரி .45கள் துப்பாக்கிச் சங்க உறுப்பினர்களுக்கு மலிவாகக் கிடைத்தன. அவற்றின் பூர்வீகம் பற்றி அப்போது எவரும் கவலைப்படவில்லை. நம் வீடுகளில் தையல் இயந்திரமாக அறிமுகமான சிங்கர் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெறும் 500 கைத்துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. அப்படி ஒன்றின் ஸ்லைடில் பட்டைக்காகத் துளையிட்டிருந்தால் ராணுவச் சேகரிப்பாளர் தலையில் அடித்துக்கொள்வார். போருக்கு முந்திய கோல்ட் நேஷனல் மேட்ச் துப்பாக்கிகளுக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. அத்தகையவற்றைப் பழைய நிலைக்கு மீட்க முனைவது இரட்டை இழப்பு. ஆலை வேலை திரும்ப வராது, கம்மியரின் வேலையும் போய்விடும்.

1980களில் மின்புள்ளிக் குறிகள் பரவியதும் இரும்புக் குறித் துப்பாக்கிகள் போட்டியில் பின்தங்கின. வென்றவர்கள் புதியதற்கு மாறினார்கள். பழையவை அலமாரிக்குப் போயின. செய்தவரின் கூலிக்கும் குறைந்த விலையில் அவை கைமாறியதுண்டு. இச்சேகரிப்பு பெருகியது அதற்குப் பின்தான்.

பராமரிப்பும் சட்டமும்

பெரும்பாலும் இவற்றைச் சேர்ப்பவர்கள் சுடவும் செய்கிறார்கள். அப்போது துப்பாக்கி எந்தக் குண்டுக்குத் திருத்தப்பட்டது என்று அறிவது கட்டாயம். வாட்கட்டர் குண்டுக்கான .45இல் சுருள்வில் தளர்வானது. அதில் முழு வலு ராணுவக் குண்டைச் சுட்டால் ஸ்லைடு அடிச்சட்டத்தில் மோதி விரிசல் விடலாம், பட்டைத் திருகுகள் கழன்று போகலாம். பல்லாண்டு தேய்ந்த விசைப் பாகங்கள் பாதுகாப்பு வரம்புக்குக் கீழே போயிருக்கவும் கூடும். விவரமறிந்த கம்மியரிடம் காட்டாமல் குண்டேற்றுவது ஆபத்து. மாற்றிய பழைய சுருள்வில்லையும் புஷிங்கையும் தூக்கி எறியாமல் சீட்டு எழுதி உடன் வைப்பது வழக்கம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 50 ஆண்டு கடந்த ஆயுதங்களைச் சேகரிப்பாளர் உரிமத்தில் வாங்க வழியுண்டு. ஆனால் அச்சலுகை மூல வடிவில் உள்ளவற்றுக்கே என்பது அதிகாரிகளின் நிலைப்பாடு. ஸ்லைடு நீட்டி, குறி மாற்றி, குழல் மாற்றிய துப்பாக்கி வயதால் தகுதி பெற்றாலும் வடிவத்தால் அந்த வரம்புக்கு வெளியே நிற்கலாம். அப்போது அது சாதாரணத் துப்பாக்கிக்குரிய விற்பனை நடைமுறையிலேயே கைமாற வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனியே உள்ளன. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அவை கடுமையானவை.