அடுப்படியில் கிடைத்த ஞானம்

துறவு பூண்டவருக்கு என்ன வேலை? தியானம் செய்வதும் நூல் கற்பதும்தான் என்று பலர் எண்ணலாம். ஜப்பானிய இளந்துறவி தோகெனும் அப்படித்தான் எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் வயதான இரு சமையற்காரர்கள்.

1200ஆம் ஆண்டு பிறந்த தோகென், மெய்யான பௌத்த நெறியைத் தேடி 1223இல் கடல் கடந்து சீனா சென்றார். இன்றைய நிங்போ துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது, காளான் வாங்குவதற்காக 61 வயதுத் துறவி ஒருவர் அங்கு வந்தார். மாமன்னர் அசோகரின் பெயர் தாங்கிய மலையில் இருந்த மடத்தின் தலைமைச் சமையற்காரர் அவர். மறுநாள் துறவிகளுக்கு மீ சூப் கொடுப்பதற்காகச் சுமார் 20 கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தார்.

இரவு தங்கிப் போகுமாறு தோகென் அழைத்தார். முதியவர் மறுத்துவிட்டார். தாம் இல்லாவிட்டால் நாளைய சமையல் கெட்டுவிடும் என்றார். இந்த வயதில் தியானத்தை விட்டுவிட்டுச் சமையலில் ஏன் உழல வேண்டும் என்று கேட்டார் தோகென். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். துறவுப் பயிற்சி என்றால் என்னவென்றே இந்த இளைஞருக்கு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

பின்னர் தியான்தோங் மடத்தில் மற்றொரு காட்சி. தலையில் தொப்பிகூட இல்லாமல், கொளுத்தும் வெயிலில் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார் 68 வயதுச் சமையற்காரர். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றார் தோகென். பிறர் செய்வது தாம் செய்தது ஆகாது என்றார் முதியவர். வெயில் தாழட்டுமே என்றதற்கு, இப்போது செய்யாமல் எப்போது செய்வது என்று திருப்பிக் கேட்டார். தோகென் வாயடைத்துப் போனார்.

1227இல் தாயகம் திரும்பிய தோகென் கண்டது வேறு நிலை. கியோத்தோவின் கென்னின்ஜி மடத்தில் சமையற்காரர் பதவி பெயரளவில்தான் இருந்தது. பதவியில் இருந்தவர் அடுப்படியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மனக்குறைதான் 1237இல் 'தென்சோ கியோகுன்' என்ற நூலாக வெளிவந்தது. மடத்துச் சமையற்காரருக்கான அறிவுரைகள் அடங்கிய நூல் அது.

அரிசி களையும்போது ஒரு மணிகூட வீணாகக் கூடாது. கல் பொறுக்கும் கண் அரிசியையும் கவனிக்க வேண்டும். கழுநீரையும் அலட்சியமாகக் கொட்டக் கூடாது. கீரையோ உயர்ந்த பண்டமோ, கை காட்டும் அக்கறை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறார் தோகென். சமைப்பவருக்கு மூன்று மனங்கள் தேவை என்றும் சொல்கிறார். வேலையில் மகிழும் மனம், பெற்ற தாய்தந்தையைப் போல் பரிவு காட்டும் மனம், ஏற்றத்தாழ்வு பாராத பெரிய மனம்.

நாள்தோறும் அதே அரிசி, அதே பானை, அதே பசித்த வயிறுகள். சலிப்புத் தட்டும் வேலைதான். ஆனால் அந்த வேலையை முடித்துவிட்டு வேறெங்கோ போய்த் தவம் செய்ய வேண்டியதில்லை. அதை முழுமனத்தோடு செய்வதே தவம். ஏடுகளைத் தேடிக் கடல் கடந்தவருக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவை, காளான் மணம் வீசிய இரண்டு முதிய கைகள்தான்.

நம் வீட்டு அடுப்படியிலும் அத்தகைய கைகள் உண்டு. அவற்றை நாம் என்றாவது கவனித்திருக்கிறோமா?