கையடக்கக் கணிப்பொறி

திண்ணைப் பள்ளிக் காலத்துச் சிறுவன் அக்குளில் இடுக்கிச் சென்ற எண்சுவடியை உங்களில் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். 320இல் ஒரு பங்காகிய முந்திரி முதல் பெருக்கல் வாய்பாடு வரை அவ்வோலைக்கட்டில் அடங்கியிருந்தன. கணக்கைக் கையோடு கொண்டுசெல்லும் விருப்பம் நமக்குப் பழையதே.

அமெரிக்க அறிஞர் ஆலன் கே, பிள்ளைகள் புத்தகம்போல் ஏந்தத்தக்க கணிப்பொறியை 1972இல் கற்பனை செய்தார். 1996இல் வந்த பாம் பைலட் சட்டைப்பையில் அடங்கியது. ஆயினும் அது வசதியுடையார் சட்டைப்பை.

2001இல் நம் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரின் துணையோடு, கம்பியில்லா இணைப்புடைய கணிப்பொறி நிலையங்கள் தோன்றின. கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறவும் முடிந்தது. ஆனால் அங்கே பொறி ஓரிடத்தில் இருந்தது. மனிதர்தாம் அதனை நாடி நடந்தனர்.

அதே 2001இல் பொறியே மனிதரை நாடிச் செல்லும் வழியொன்றைப் பெங்களூர் காட்டியது. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் ஆக்கிய அக்கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். உள்ளங்கையளவு, சிறு மின்கலங்களில் இயங்குவது, எழுதுகோலால் திரையைத் தொட்டாற் போதும். எழுத்தறியாதாருக்கும் பயன்படவேண்டுமென்று, இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் ஆற்றலையும் அதற்கு அளிக்க முயன்றனர். ஊருக்கு ஒன்று போதும் என்பது அவர்கள் எண்ணம். ஒவ்வொருவரும் தம் அட்டையைச் செருகினால், பொறி அப்போதைக்கு அவருடையதாகிவிடும். பெரிய உள்ளம் படைத்த திட்டம்!

எனினும் அது பரவவில்லை. 2004இல் அமிடா என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தபோது விலை ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய். கைப்பேசியோ நாளுக்கு நாள் மலிந்துவந்தது. வேறொரு காரணமும் உண்டென்பது என் கருத்து. சிறு பொருளின் கவர்ச்சி அது சிறியது என்பதில் மட்டும் இல்லை. "இது என்னுடையது" என்று மடியில் செருகிக்கொள்வதில் இருக்கிறது. எண்சுவடியை எந்தப் பிள்ளை ஊர்ப்பொதுவில் விட்டான்? 2011இல் தமிழக அரசு மாணவருக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது ஆளுக்கொன்றாகவே வழங்கியது. அவை உள்ளங்கைப் பொறிகள் அல்ல. ஆயினும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

கைப்பேசியைச் சாய்த்ததும் திரை திரும்புவதை இன்று நீங்கள் வியப்பதில்லை. ஐபோன் 2007இல் வந்தது. அசைவை உணரும் உறுப்பு 2004ஆம் ஆண்டு அமிடாவிலேயே இருந்தது.