ஸ்டீவ் கேரலுக்குக் கிடைக்காத எம்மி

அமெரிக்க டிவிக்கான எம்மி விருதை 1949-லிருந்து கொடுக்கிறார்கள். காமெடி நடிகர்கள் விஷயத்தில் அவங்க கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. 'தி ஹனிமூனர்ஸ்' தொடரின் உயிரே ஜாக்கி கிளீசன்தான். மாடி வீட்டுக்காரராக வந்த ஆர்ட் கார்னிக்கு எம்மி கிடைச்சுது, கிளீசனுக்குக் கடைசிவரை இல்லை.

என் ஆதங்கமெல்லாம் 'தி ஆஃபீஸ்' ஸ்டீவ் கேரலைப் பற்றித்தான். 2006-ல் சிறந்த காமெடித் தொடர் விருது அதுக்குத்தான். ஆனால் மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாக அதைத் தோளில் சுமந்தவர் 2011 வரை ஆறு வருஷமும் பரிந்துரையில் இருந்தார், ஆறு வருஷமும் வெறுங்கைதான். 2007-ல் ஜெயிச்சது யார் தெரியுமா? பிரிட்டிஷ் 'தி ஆஃபீஸ்'ல இதே மேனேஜர் வேஷம் போட்ட ரிக்கி ஜெர்வைஸ், வேறொரு தொடருக்காக! அவர் விழாவுக்கே வரலை. மேடையில் இருந்த ஜான் ஸ்டூவர்ட்டும் ஸ்டீபன் கோல்பேரும் விளையாட்டாக அதைக் கேரலுக்குக் கொடுக்க, மனுஷன் குதிச்சுக்கிட்டு ஓடிவந்தார்.

நடிகர் விருதுக்கு ஒரே ஒரு எபிசோடைத்தான் அனுப்பணும். மண்டியில் ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்து மொத்த நெல்லுக்கும் விலை சொல்வாங்களே, அந்த மாதிரி. நெல்லுக்கு அது சரிவரும். முதல் சீசனில் மைக்கேலைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஏழாவது சீசனில் ஏர்போர்ட்டில் சட்டை மைக்கைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போறப்போ தொண்டை அடைக்கும். இந்த மாற்றம் ஒரு எபிசோடில் எப்படித் தெரியும்?

அந்த வருஷமும் விருது 'தி பிக் பேங் தியரி' ஜிம் பார்சன்ஸுக்குப் போச்சு.