தமிழ்ப்பள்ளி நிதியும் வீட்டுக்கல்விச் செலவும் (மலேசியா)

மலேசியத் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளின் செலவை அரசு, நில உரிமையாளர், பெற்றோர் ஆகிய மூவரும் பகிர்கின்றனர். பேராக் மாநிலத்தில், கேமரன் மலைச் சாலை தொடங்கும் தாப்பாவைச் சுற்றியுள்ளவை போன்ற பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளில் இப்பகிர்வின் வரலாற்றை இன்றும் காணலாம். வீட்டுக்கல்வியில் முழுச் செலவும் குடும்பத்தையே சேரும்.

வரலாறு

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல நிர்வாகங்கள் செலவைச் சுருக்கின. கொட்டகையே வகுப்பறையாக, கங்காணியோ (தொழிலாளர் மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) பாடம் சொன்னதும் உண்டு. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையை அடியொற்றி வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் இப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பானது. பள்ளி நிலமோ பெரும்பாலும் தோட்டத்திடமே இருந்தது.

பள்ளி நிதி

அரசு நிலத்தில் உள்ளவை பொதுவாக முழு உதவி பெறும் பள்ளிகள். தோட்ட நிலத்திலோ தனியார் நிலத்திலோ உள்ளவை பகுதி உதவி பெறுபவை. சம்பளமும் மாணவர் எண்ணிக்கைப்படியான மானியமும் இரு வகைக்கும் உண்டு. பகுதி உதவிப் பள்ளியில் கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடை திரட்டுகின்றன. அரசு அவ்வப்போது சிறப்பு ஒதுக்கீடு தருகிறது.

பாடநூல்கள் 2008 முதல் எல்லா மாணவர்களுக்கும் இலவச இரவலாகக் கிடைக்கின்றன. 2023 முதல் பள்ளித் தொடக்க உதவியாக ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி வழங்கப்படுகிறது. சீருடை, பயிற்சி நூல், பள்ளி வேன், டியூஷன் ஆகியவை பெற்றோர் செலவு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வேன் கட்டணம் தனிச் சுமை.

வீட்டுக்கல்வி

2003 முதல் 6 ஆண்டுத் தொடக்கக்கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் கற்பிக்கக் கல்வி அமைச்சரின் விலக்கு வேண்டும். இதற்கு அரசு மானியம் இல்லை. பாடத்திட்டம், நூல், இணையம், தனித்தேர்வராக எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் கட்டணம் ஆகியவற்றைவிடக் கற்பிப்பதற்காக வேலையை விடும் தாயோ தந்தையோ இழக்கும் சம்பளமே பெரிது. இருவர் வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது எளிதல்ல.

ஒப்பீடு

பள்ளியில் ஓர் ஆசிரியரின் சம்பளம் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்குமாகப் பரவுகிறது. மாணவர் குறையும்போது இந்த அனுகூலமும் தேய்கிறது. மானியம் சுருங்கினாலும் கூரையும் மின்கட்டணமும் சுருங்குவதில்லை. 150 பேருக்குக் குறைந்தவை குறைந்த மாணவர் பள்ளிகளாக வகைப்படுத்தப்படுகின்றன. தோட்டத் துண்டாடல், செம்பனைக்கு மாறியது, நகரக் குடியேற்றம் ஆகியவற்றால் 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. ஆளில்லாத தோட்டப் பள்ளியின் உரிமத்தைப் பிள்ளைகள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிக்கு மாற்றுவது ஒரு தீர்வு. அதற்கு முதலில் நிலம் கிடைக்க வேண்டும்.