ஒரு மறுப்பு பிறந்த கதை

2024 ஜூன் 19, புதன்கிழமை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்துகொண்டிருந்தது. பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டும், கண் தெரியவில்லை என்று கதறியும் அரசு மருத்துவமனைக்கு வந்தபடி இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மாவட்ட ஆட்சியர் செய்தியாளர்களிடம் பேசினார். கள்ளச்சாராயம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை, வலிப்பு, வயிற்றுக் கோளாறு என்று வேறு காரணங்கள் இருக்கின்றன என்றார்.

இந்த மறுப்பு திடீரென்று முளைத்ததல்ல. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. மறுபடியும் அதே சாவு என்று ஒப்புக்கொள்வது எந்த அரசுக்கும் பெரிய தலைகுனிவு. உடற்கூறாய்வு அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது அலுவலக வழக்கம். தலைகுனிவுக்கு அஞ்சும் மனசுக்கு அந்த வழக்கம் நல்ல மறைப்பாகிவிடும். ஆனால் "இன்னும் உறுதியாகவில்லை" என்று மேலே சொன்னது தெருவுக்கு வருவதற்குள் "சாராயத்தால இல்லையாம், கலெக்டரே சொல்லிட்டாரு" என்று ஆகிவிடும்.

ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? ஏமாளிகள் என்பதால் அல்ல. மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. உடம்புக்குள் போய் மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாறி, பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்தே கண்ணையும் உயிரையும் பிடிக்கும். அதுவரை சாதாரணப் போதைதான். நேற்று குடித்தவன் இன்று காலை எழுந்து நடமாடுகிறான் என்றால் அவன் கண்ணெதிரே இருக்கும் சாட்சி ஆட்சியரின் பேச்சுக்குத்தான் துணை நிற்கிறது. குடித்ததைச் சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயமும், நமக்கு ஒன்றும் ஆகாது என்ற ஆசையும் சேர்ந்துகொண்டால் வேறென்ன வேண்டும்? சாவு வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பிழைக்க வைக்கக்கூடிய விஷம் இது. "குடித்தவர்கள் எல்லோரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், யார் மேலும் வழக்கு இல்லை" என்று அன்று காலையே தெருத்தெருவாக மைக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கே ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கடைசியில் சாவு 65-ஐத் தாண்டியது.

மறுப்பு செத்ததும் இன்னொரு பொய் பிறந்தது. பழி பக்கத்திலிருக்கும் கல்வராயன் மலைமேல் ஏறியது. போலீஸ் மலையேறி ஊறல்களை அழித்தது. மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மை. அதுவும் குடும்பங்களைக் கெடுப்பதுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வெல்லமும் பட்டையும் போட்ட ஊறலில் இத்தனை பேரைக் கொல்லும் மெத்தனால் வராது. அது ஆலைகளில் தயாராகும் ரசாயனம். சிபிசிஐடி விசாரணையும் அதன் தடத்தைச் சமவெளியில்தான், சென்னை வரை, தேடிப் போனது. அப்படியிருந்தும் "மலைச் சாராயம்" என்ற பேச்சு எளிதில் ஒட்டிக்கொண்டது. மலைவாழ் மக்களைப் பற்றிக் கீழே இருப்பவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த எண்ணத்துக்கு அது பொருந்திப்போனதுதான் காரணம்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த மலை மக்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்பதற்கு, கருணாபுரத்தில் இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.