ஜீப்பும் தாரும்: கம்பம் பள்ளத்தாக்கில் யார் எதில் போறாங்க?

போன தடவை ஊருக்குப் போனப்போ, ஃப்ரெண்ட் ஒருத்தன் புதுசா வாங்கின தாரில் போடிமெட்டு ஏறினோம். 17 கொண்டை ஊசி வளைவு. ஏசி ஓடுது, பாட்டு ஓடுது, வண்டி மூச்சே வாங்கலை. பாதி வழியில் எதிரே ஒரு பழைய ஜீப் இறங்கி வந்துச்சு. பின்னாடி நெருக்கி உட்கார்ந்த பெண்கள், மடியில் தூக்குவாளி. ஏலத்தோட்ட வேலை முடிஞ்சு வீடு திரும்புறாங்க. எங்க அம்மாச்சியும் வருஷக்கணக்கா அப்படித்தான் போய் வந்தாங்க.

அதனால இன்னைக்கு இந்த ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

ஜீப்போட கதை ராணுவத்துல ஆரம்பிக்குது. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கப் படைக்காகச் செஞ்ச வில்லிஸ் ஜீப்புக்கு 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன். 1940-களின் கடைசியில மஹிந்திரா அதைப் பாகங்களா இறக்குமதி பண்ணி பம்பாய்ல பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் இங்கேயே தயாரிப்பு, டீசல் இன்ஜின், கமாண்டர் மாதிரி நீளமான மாடல்கள்.

சரி, நம்ம பள்ளத்தாக்குக்கு ஏன் ஜீப்? ஏலக்காய் விளையுறது மேலே இடுக்கியில. வேலைக்குப் போற ஆட்கள்ல நிறைய பேர் கீழே கம்பம், போடி பக்கம். 1956-ல மாநிலங்களைப் பிரிச்சப்போ தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போச்சு. அதனால தினமும் மாநில எல்லை தாண்டித்தான் வேலை. விடியுறதுக்குள்ள கிளம்பி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா ஏறணும். பஸ் மெயின் ரோட்டோட நின்னுடும். தோட்டத்துக்குள்ள மண் பாதையில ஜீப் போகும். பழுதானா உள்ளூர் மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிடுவார்.

இப்போ தார். 2010-ல வந்துச்சு, 2020-ல முழுசா மாறுச்சு. டீசல்ல 130 குதிரைத்திறன், பெட்ரோல்ல 150. ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், குளோபல் என்கேப் சோதனையில 4 ஸ்டார். ஸ்பெக் ஷீட்டை மட்டும் பார்த்தா போட்டியே இல்லை.

ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. 2020 தார் அறிமுகமானப்போ, பின்னாடி பக்கவாட்டு சீட் வெச்ச 6 பேர் மாடலும் இருந்துச்சு. கொஞ்ச நாள்லயே நிறுத்திட்டாங்க. மிச்சம் இருந்தது முன்னாடி பார்த்து உட்கார்ற 4 சீட். பாதுகாப்புக்கு அது சரிதான். பக்கவாட்டுப் பெஞ்சுல உட்கார்ந்தவங்களை வளைவுல பிடிச்சு வைக்க ஒண்ணுமே கிடையாது.

அந்தப் பெஞ்சு தார்ல இருந்து போயிடுச்சு. அதுல உட்கார்ந்தவங்க எங்கே போனாங்க? எங்கேயும் போகலை. இன்னும் அதே பழைய ஜீப்புலதான் போறாங்க. ஆள் கூடக்கூடத் தலைக்கு வண்டிச் செலவு குறையும், அதனால ஏத்துறாங்க. 2023 ஆகஸ்ட்ல வயநாட்டுல தேயிலைத் தொழிலாளர்கள் போன ஜீப் பள்ளத்துல கவிழ்ந்து 9 பெண்கள் இறந்தாங்க. அந்தச் செய்தி வந்தப்போ அம்மாச்சி டிவியை அணைச்சுட்டாங்க.

எண்பது வருஷத்துல இன்ஜின், பிரேக், சீட் எல்லாமே முன்னேறியிருக்கு. அந்த முன்னேற்றம் வார இறுதிக்கு மலை ஏறுற எனக்குக் கிடைச்சிடுச்சு. தினமும் ஏறுறவங்களுக்கு இன்னும் வரலை.

உங்க வீட்டுல தோட்ட ஜீப்புல போனவங்க இருந்தா, அந்தப் பயணத்தைப் பத்திக் கேட்டு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.