இத்தாலிய மலைநாட்டின் செஸ்ட்நட் அறுவடை

இத்தாலியின் அப்பெனைன் மலைச்சரிவுகளிலும் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை நடைபெறும் இலையுதிர்கால அறுவடை. டஸ்கனியின் வடபகுதியில் உள்ள கார்ஃபஞானா, லூனிஜானா, பிஸ்தோயா மலைப்பகுதி ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. சரிவு மிகுந்த அந்த நிலத்தில் கோதுமை போதிய அளவு விளையாது. ஆகவே மலைக்குடிகள் செஸ்ட்நட் மாவையே ஆண்டின் பெரும்பகுதிக்கு உணவாகக் கொண்டனர். அந்த மரத்தை ரொட்டி மரம் என்றே அழைத்தனர். இன்று இந்த அறுவடையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அக்டோபர் மாதத் திருவிழாக்களையே பேசுகிறார்கள். சான்றுகளை வைத்துப் பார்த்தால், இந்த மரபுக்கு உருக்கொடுத்தவை வேறு இரண்டு: விரைவில் கெட்டுப்போகும் ஒரு விளைபொருளை அடுத்த கோடைவரை காப்பாற்றியாக வேண்டிய கட்டாயம், காட்டில் உதிர்ந்து கிடப்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. விழா இவற்றுக்குப் பின்னால் வந்தது.

ரோமானியர் காலத்துச் செய்திகள் குறைவு. வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா இம்மரத்தைத் திராட்சைக் கொடிக்கு ஊன்றும் கழிகளுக்காக வளர்க்கச் சொல்கிறார். மூத்த பிளினி அதன் வகைகளைப் பட்டியலிட்டு, நோன்பிருக்கும் பெண்கள் அதை அரைத்து ரொட்டிபோல் உண்டதையும் குறிப்பிடுகிறார். அன்று அது பரவலான உணவா, அல்லது முதன்மையாக மரத்துக்காக வளர்க்கப்பட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. லொம்பார்டிய மன்னர் ரொத்தாரி 643-இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பு, பிறருடைய செஸ்ட்நட் மரத்தை வெட்டியவருக்குத் தண்டம் விதிக்கிறது.

11-ஆம் நூற்றாண்டு முதல் தோப்புகள் வேகமாகப் பரவின. கனோஸா சீமாட்டி மட்டில்டா (1046–1115) மரங்களை ஏறத்தாழ 10 மீட்டர் இடைவெளியில் நடும் முறையைப் புகுத்தினார் என்று அப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. மடாலயங்களின் பங்கும் மக்கள்தொகைப் பெருக்கமும் இந்தப் பரவலை விளக்கப் போதுமானவை என்பதால், பெருமை முழுவதையும் ஒருவருக்கே அளிப்பதில் எச்சரிக்கை தேவை.

18-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரையிலான நடைமுறைதான் மிக விரிவாகத் தெரியவருகிறது. அதன் மையம் தோப்பு அன்று. ‘மெத்தாதோ’ எனப்படும் உலர்த்தும் வீடு. கல்லால் கட்டிய, புகைபோக்கி இல்லாத சிறு கட்டடம் அது. தரையில் கணப்பு, தலைக்குமேல் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய பரண், அதன்மேல் முள் ஓடு நீங்கிய செஸ்ட்நட்டுகள் குவிக்கப்படும். கீழே செஸ்ட்நட் விறகு கனன்றுகொண்டே இருக்க வேண்டும், சுடர்விட்டு எரியக்கூடாது. சுடர் எழுந்தால் பரண் கருகும், தீ அவிந்தால் குவியல் பூஞ்சை பிடிக்கும். ஏறத்தாழ நாற்பது நாள் இரவும் பகலும் இந்தக் காவல் தொடரும். நடுவில் ஒருமுறை மேலடுக்கைக் கீழாகவும் கீழடுக்கை மேலாகவும் புரட்டிப் போடுவர். முடிவில் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். காய்ந்ததைச் சாக்கில் கட்டி மரக்கட்டையில் அடித்தோ, ஆணி பதித்த காலணியால் மிதித்தோ தொலி நீக்கினர். அந்தத் தொலியும் வீணாகவில்லை. அடுத்த ஆண்டுக் கணப்பை மூட்டம் போட அதையே சேமித்து வைத்தனர். நீராலையில் அரைத்த மாவை மரப்பெட்டியில் காற்றுப் புகாதபடி அழுத்தி நிரப்புவார்கள். அது கெட்டியாக இறுகிப்போகும். தேவைப்படும்போது வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த மாவைக் கரைத்து, சூடேறிய கல்தட்டுகளுக்கிடையே செஸ்ட்நட் இலை வைத்துச் சுட்டதே ‘நெச்சி’ என்னும் மெல்லிய அடை. அதற்கான இலைகளைக் கோடையிலேயே பறித்துக் கோத்து உலர்த்தி வைத்திருப்பர். ஆகவே அறுவடைக்கான ஆயத்தம் காய் உதிர்வதற்கு முன்பே தொடங்கிவிடும்.

உலர்த்தும் வீட்டில் மாலைநேரங்களில் அண்டைவீட்டார் கூடி, கதை சொல்லி, பாட்டுப் பாடி, கம்பளி நூற்றதுண்டு. விழா பின்னால் வந்தது என்ற கூற்றுக்கு இதையே மறுப்பாகக் காட்டலாம். தீயை யாராவது காவல் காத்தே ஆகவேண்டும் என்பதையும், குளிர்காலத்தில் கூடுதல் விறகு செலவில்லாமல் வெதுவெதுப்பாக இருந்த இடம் அதுவே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடுகை வேலையிலிருந்து பிறந்தது. மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடவில்லை. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் புதுத் திராட்சை மதுவும் சுட்ட செஸ்ட்நட்டும் உண்ணும் வழக்கத்தை இரண்டாவது மறுப்பாகச் சொல்லலாம். ஆனால் அந்த நாளே வேளாண் ஒப்பந்தங்கள் முடியும் நாள். வாரத்துக்கு உழுத குடும்பம் நிலத்தில் நீடிக்குமா, வண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு வேறிடம் போகுமா என்பது தெரியும் நாளும் அதுதான். போ ஆற்றுச் சமவெளியில் வீடு மாறுவதையே ‘புனித மார்ட்டின் செய்வது’ என்பர். உதிர்ந்து கிடப்பது யாருக்குச் சொந்தம் என்பதையும் தேதியே வரையறுத்தது. பல மலையூர்களில் குறித்த தேதிக்குமுன் பிறர் தோப்பில் நுழையவும் பன்றிகளை மேயவிடவும் ஊர்ச்சட்டம் தடை விதித்தது. அந்தத் தேதி கடந்ததும் எஞ்சிய காய்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாம். ஒரு கைப்பிடிக் காய்க்காகச் சட்டம் எழுதிய ஊர்கள் இவை; பசி எவ்வளவு அருகில் இருந்தது என்பதை அந்த விதிகளே காட்டுகின்றன. நகரங்களில் பணக்காரரும் செஸ்ட்நட் உண்டனர் என்பது உண்மையே; அவர்கள் வாங்கியது பெரிய, எளிதில் தோலுரியும் ‘மர்ரோனே’ வகை. மலைக்குடிகளின் மாவும் நகரத்தாரின் இனிப்பும் ஒரே மரத்தின் இரு பொருளாதாரங்கள்.

1938-இல் ஜெனோவா அருகே பட்டைக் கருகல் நோய் கண்டறியப்பட்டது. 1950-களில் சில மரங்கள் தாமாகவே தேறிவருவதை ஆய்வாளர் அந்தோனியோ பிராகி கவனித்தார். நோய்ப்பூஞ்சையை வலுவிழக்கச் செய்யும் வைரஸே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவானது. ஆயினும் தோப்புகளைக் காலிசெய்ததில் நோயைவிட மலையூர்களை விட்டு மக்கள் வெளியேறியதன் பங்கு பெரிது என்று கருத இடமுண்டு. தேறிய மரத்தைக் கவாத்து செய்யவும் தோப்பைத் துப்புரவாக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. நிலத்தை வாரத்துக்கு விடும் புதிய ஒப்பந்தங்களையும் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஊர்தோறும் நடக்கும் இன்றைய செஸ்ட்நட் திருவிழாக்களில் பலவும் இந்த வெளியேற்றத்துக்குப் பிந்தியவை.

2002-இல் பியெமோந்தேயின் கூனேயோ பகுதியில் கிழக்காசியக் குளவியொன்று மொட்டுகளைத் தாக்குவது தெரியவந்தது. 2005 முதல் அதன் இயற்கை எதிரியான மற்றொரு குளவி தோப்புகளில் விடப்பட்டது. கார்ஃபஞானாவின் செஸ்ட்நட் மாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. அதன் விதிகள் மரபுவழி உலர்த்தும் வீட்டில் விறகுத் தீயில் உலர்த்துவதை இன்றும் வலியுறுத்துகின்றன.